சம்பந்தி பார்த்த கணக்கு

அன்பு மகளுக்கு, வாப்பாவின் ஸலாம்.

நம் நோர்வூட் கடையின் வரி ரிட்டர்ன் கொடுக்கும் தவணை போய், அபராதக் கடிதமும் வந்துவிட்டது. கணக்குப் பார்க்கும் உன் மாமனாரோ போன் கோல் எடுத்தால் பதில் தருவதில்லை. ஜும்ஆவில் முன் வரிசையில் இருக்கிறார்; தொழுகை முடிந்ததும் என்னைக் கண்டு பக்கவாசலால் நழுவிவிடுகிறார்.

“சம்பந்திகிட்ட யாராச்சும் பீஸ் வாங்குவாங்களா?” என்று உன் நிக்காஹ் அன்று சபையில் பெரிதாகச் சொன்ன மனுஷன்! பீஸ் வாங்கியிருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். உன்னை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு எப்படிப் பிடிப்பது? அதனால்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இனி முடியாது. ஞாயிறு காலை என் பைல்களைத் திருப்பி வாங்க ஹட்டனுக்கு, உங்கள் வீட்டுக்கே வருகிறேன். வாப்பாவின் குரல் கேட்டதென்று நீ ஓடி வராதே. தேத்தண்ணியும் ஊற்றாதே.

கதவை அவரே திறக்கட்டும்.

உன் வாப்பா