உன் தாய்மாமனுக்குப் பயந்த காலம்

போன வாரம் ஒரு ஸ்வெட்டருக்குள் மாட்டிக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ இருந்திருந்தால் உனக்குத்தான் முதலில் சொல்லியிருப்பேன், நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த அந்தப் பச்சை ஸ்வெட்டரை எடுத்து மாட்டப் பார்த்தேன். கல்லூரி நாளில் நீ பின்னிக் கொடுத்தது. கைகள் நுழைந்தன. தலை பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டு கைகளையும் தூக்கியபடி, முகமெல்லாம் கம்பளி மூடி, அந்துருண்டை வாடையில் மூச்சுத் திணறிக்கொண்டு நின்ற என்னை, திரும்பி வந்த மனைவியும் எதிர்வீட்டு ஃபோர்மேனும் சேர்ந்து உரித்தெடுத்தார்கள்.

"கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்குது?" என்றாள் மனைவி.

"அந்துருண்டை" என்றேன்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

ஐம்பதுகளின் நடுவில், பெங்களூரில் நம் கல்லூரியில் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் என்று பார்த்தால் நீயும் நானும்தான். நீ மகளிர் விடுதியில் இருந்தாய், நான் ஒரு செட்டியார் வீட்டு மாடியறையில். சனிக்கிழமை ஊருக்குப் போகும் பேருந்தில் நீ முன்னால் உட்காருவாய், நான் பின்னால். அப்போது நாம் 'நீங்க, வாங்க' தான். ஒருநாள் அத்திப்பள்ளியில் பேருந்து நின்றபோது நீயே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"ஒரு ஒத்தாசை பண்ணணும். எங்கம்மாவோட தம்பி ஒருத்தர் இருக்காரு. குந்தாரப்பள்ளி சந்தையில மாட்டுத் தரகு. தாய்மாமன் உரிமைன்னு என்னைக் கட்டிக்கக் குதிக்கிறாரு. படிப்பை நிறுத்தச் சொல்றாரு."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"பெங்களூர்ல படிக்கிற பையனுக்கு என்னைப் பேசி வச்சாச்சுன்னு சொல்லிட்டேன். நீங்கதான் அந்தப் பையன். பரீட்சை முடியற வரைக்கும்."

என் ஜாதகத்தில் அப்படி ஒரு யோகம் இருப்பதாக எந்த ஜோசியரும் சொன்னதில்லை. தாய்மாமன் என்றால் நம் பக்கத்தில் லேசான விஷயமா? பெண்ணை மணவறையிலிருந்துகூடத் தூக்கிக்கொண்டு போகிற உரிமை உண்டு என்று கேட்டு வளர்ந்தவன் நான். மாட்டுத் தரகர் வேறு. கொம்புள்ள காளையையே அடக்குகிறவருக்கு, இரண்டு தோசைக்கு மேல் தின்றால் மூச்சு வாங்குகிற நான் எம்மாத்திரம்? ஆனாலும் சரி என்றேன். பயம் ஒரு பக்கம், பக்கத்து இருக்கை ஒரு பக்கம்.

அன்றிலிருந்து நம் நாடகத்துக்குப் பேருந்துதான் மேடை. மாமன் ஆள் வைத்து வேவு பார்க்கிறார் என்றாய். யார் அந்த ஆள் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். "அதோ கறுப்புக் குடை. மாமன் ஆளு. என்கிட்ட சிரிச்சுப் பேசுங்க" என்பாய். சிரிப்பேன். "வாங்க போங்கன்னா யாரு நம்புவாங்க? நீன்னு கூப்பிடுங்க" என்றாய். நாக்கு குழறக் குழறக் கூப்பிட்டேன். ஓசூரில் மதுவிலக்குப் போலீஸ்காரர் ஏறி, மைசூர் ராஜ்யத்திலிருந்து யாராவது புட்டி கடத்துகிறார்களா என்று பைகளை முகர்ந்து பார்ப்பார். பெரிய மீசை. "அவரும் மாமன் ஆளுதான்" என்று காதில் சொன்னாய். சர்க்காரே உன் மாமன் பக்கம் என்று நடுங்கி, அவர் எதிரில் உனக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்து என் விரலையும் நறுக்கிக்கொண்டேன். நீ உன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினாய். போலீஸ்காரர் இறங்கிப் போய்ச் சூளகிரியும் வந்துவிட்டது. நீ கட்டுப் போட்டு முடிக்கவே இல்லை.

கண்டக்டர் கன்னடக்காரர். "ஏனம்மா, மதுவே ஆயித்தா?" என்று கேட்டார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று. "இல்லீங்க, பேசி வச்சிருக்குது" என்று நீ தலை குனிந்தாய். எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று வியந்தேன்.

மார்கழிக் குளிரில் அந்தப் பச்சை ஸ்வெட்டரைக் கொண்டு வந்தாய். இடது கை வலது கையைவிட அரை சாண் நீளம். விடுதி அலமாரியில் ஒளித்து வைத்துப் பின்னியதில் அந்துருண்டை வாடை ஏறியிருந்தது.

"பேசி வச்ச பொண்ணு ஒரு ஸ்வெட்டர்கூடப் பின்னித் தரலைன்னா மாமனுக்குச் சந்தேகம் வரும்" என்றாய்.

"இந்தக் கையைப் பார்த்தா எனக்கே சந்தேகம் வருதே" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. அந்த நீளமான கையை நீயே மடித்துவிட்டாய்.

பரீட்சை முடிந்து ஊர் திரும்பிய கடைசிப் பயணம். குருபரப்பள்ளி தாண்டும் வரை நீ யாரையும் மாமன் ஆள் என்று காட்டவில்லை. நீ இறங்க வேண்டிய குந்தாரப்பள்ளி நெருங்கியதும் கேட்டாய்.

"பரீட்சை முடிஞ்சிருச்சு. மாமன் அப்படியேதான் இருக்காரு. இனிமே என்ன பண்றது?"

என் தொண்டையில் ஒரு பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், உதவி கேட்ட பெண்ணிடம் கூலி கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். கஷ்டமான இடத்தில் எனக்கு வேடிக்கைப் பேச்சுத்தான் வரும்.

"மாமனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. நாடகம் நல்லா நடந்துச்சுங்க" என்றேன்.

நான் மறுபடி 'ங்க' போட்டதை நீ கவனித்தாய். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாய். கண்டக்டர் விசில் ஊதினார். ஜன்னலுக்கு வெளியே நீ நின்றபடி, "ஸ்வெட்டரை வெயில்ல போடுங்க. இல்லைன்னா பூச்சி அரிச்சிரும்" என்றாய்.

பிறகு உன்னைக் கட்டியவர் வாத்தியார், மாமன் இல்லை என்று கேள்விப்பட்டுப் பெருமைப்பட்டேன். ஒரு பெண்ணை மாட்டுத் தரகரிடமிருந்து காப்பாற்றியவன் என்று இத்தனை வருஷமாக நண்பர்களிடம் பீற்றியிருக்கிறேன். மனைவியிடம் மட்டும் சொன்னதில்லை. இப்போதும் பேருந்தில் பெரிய மீசைக்காரர் யாராவது ஏறினால், என்னையறியாமல் பக்கத்து இருக்கைப் பக்கம் சாய்ந்துவிடுகிறேன். அங்கே யாரோ ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்குகிறார். இப்போது உன்னிடம் 'நீ' என்று பேசுகிறேன். அந்த நாடகத்தில் எனக்கு மிஞ்சியது அதுவும் ஸ்வெட்டரும்தான்.

கிருஷ்ணகிரியில் உன் வீட்டுக்குச் சாவுக்கு வந்திருந்தேன். உன்னோடு படித்தவன் என்று சொன்னதும் உன் வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். பிறந்த வீட்டுக் கோடித்துணி வந்தபோது கழுத்தை நீட்டிப் பார்த்தேன். என்னை அத்தனை நடுங்க வைத்த அந்த மனிதரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. துணியைக் கொண்டுவந்தவர் உன் தம்பி. காரியம் முடிந்து அவர் ஓரமாக உட்கார்ந்தபோது மெல்லக் கேட்டேன்.

"உங்க தாய்மாமன் வரலீங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கம்மா ஒத்தப் பொண்ணுங்க. எங்களுக்குத் தாய்மாமனே கெடையாது. காது குத்தறப்பகூட அக்காவைப் பக்கத்து வீட்டுக்காரர் மடியிலதான் உக்கார வச்சாங்களாம்."