எலிகளுக்குச் சொன்னது

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறாரா? நான் நன்றாகச் சாப்பிட்டுக் கன்னம் உப்பி இருக்கிறேன்.

எலிகளின் ஞாபகசக்தி பற்றிய என் கட்டுரையை முந்நூறு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பீற்றிக்கொண்டேனே, அதில் ஒரு வேடிக்கை. வேறோர் ஆய்வகத்தில் என் சோதனையை வரி பிசகாமல் செய்தும், அவர்களுடைய எலிகள் பயந்து நடுங்கினவாம். எதுவும் நினைவில் நிற்கவில்லையாம். பத்து வருட உழைப்பாயிற்றே!

அவர்களில் ஒருவர் நேரில் வந்து, நான் கூண்டைத் திறப்பதைப் பார்த்தார்.

“யார்கிட்ட பேசறீங்க?” என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒவ்வோர் எலியையும், “வாடா கண்ணு, ஒண்ணும் இல்ல, பயப்படாத” என்று சொல்லித்தான் எடுக்கிறேன். சின்ன வயதில் ஊசி போடும்போது நீ எனக்குச் சொன்னதுதான். ‘வாடி’யை ‘வாடா’ ஆக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். கட்டுரையில் அதை எழுதவே தோன்றவில்லை.

பேசாமல் எடுத்துப் பார்த்தோம். என் எலிகளும் நடுங்கின. திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். “இனிமே இதையும் மேற்கோள் காட்டுவாங்க” என்று எங்கள் ஆய்வகத் தலைவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

இனி இந்தச் சோதனையைச் செய்யும் எல்லா ஆய்வகங்களுக்கும் ஒரே குரல் வேண்டுமாம். என்னுடையது அவசரக் குரல், அசல் நீதான். அந்த வார்த்தைகளைப் பத்து நிமிடம் நிதானமாகப் போனில் பதிவு செய்து அனுப்பு. கடைசியில் ஒரு தடவை ‘வாடி கண்ணு’ என்றும் சொல். இங்கே எல்லாம் ஆண் எலிகள்தான், இருந்தாலும் சொல்.

கூண்டு திறக்க நேரமாகிவிட்டது.

உன் மகள்