கதவில் தொங்கும் ஆந்தை

அன்புள்ள சில்லுக்கு,

இங்கே நான், உன் அப்பா, பூனை மூவரும் சுகம். உளிகளும் சுகம். அங்கே உன் சுகத்தைத் தும்மல் முதல் தூக்கம் வரை ஒன்று விடாமல் எழுது. காற்றடித்தால் உன் அறை ஜன்னல் இன்னும் ஊளையிடுகிறதா, காகிதத்தை மடித்து இடுக்கில் செருகு என்றேனே, செருகினாயா. எழுத்து கோணலாக விழுகிறதே என்று பயப்படாதே. நேற்றிலிருந்து சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, பேனா நிற்கமாட்டேன் என்கிறது. கதவை மாட்டியாயிற்று சில்லு. ஆனால் சரியாக மாட்டவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காட்டு மக்களின் சுவர்களைப் பார்த்துத்தான் எனக்கு உளி பிடிக்கும் ஆசையே வந்தது என்று உனக்குத் தெரியும். எந்த உயிரை வரைந்தாலும் அதன் வயிற்றையும் திறந்து காட்டுவார்கள். மீன் என்றால் உள்ளே பூச்சி. பூச்சி என்றால் உள்ளே இலை. அதைப் பார்த்த பிறகு வயிறு மூடிய ஒரு பறவையை என்னால் செதுக்க முடிந்ததில்லை. அவர்கள் புதிதாகக் கூடம் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றேன், கதவு நான் செய்யட்டுமா என்று கேட்டேன். அவர்கள் சங்கத்துத் தலைவி, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கும்போதே சிரிக்கிறவள், காற்றில் விழுந்த ஒரு மரத்தைக் காட்டி, "எடுத்துட்டுப் போ உளிக்காரி. மனசுல ஒட்டினா வாசல்ல நிக்கும், ஒட்டலன்னா அடுப்புல வேகும்" என்றாள். அன்றைக்குப் போனில் நீ கேட்டாய், வேண்டாம்னு சொல்லிட்டா என்னம்மா பண்ணுவே என்று. கரண்டி செதுக்குவேன் என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. யாரைப் பார்த்துக் கற்றேனோ அவர்களே இது எங்களுடையது இல்லை என்றால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு ஒரு வயிற்றைத் திறப்பேன். கரண்டிதான். கரண்டிக்கு வயிறு ஏற்கெனவே திறந்திருக்கிறது.

ஆந்தை செதுக்கினேன். கிளையில் உட்கார்ந்த, இறக்கை மடித்த, காதோரம் இரண்டு கொம்பு நிமிர்ந்த பெரிய ஆந்தை. வயிற்றில் ஓர் எலி. மரத்தின் ரேகை எப்படி ஓடியதோ அப்படியே இறக்கை ஓடியது, நான் கூடவே ஓடினேன், அவ்வளவுதான். வீடு முழுக்கச் சுருள் சுருளாகச் சீவல், பூனை அதிலேயே குடித்தனம். உன் அப்பா கீல் வேலை என்னுடையது என்று வரிந்து கட்டிக்கொண்டு போய் அளந்து வந்தார், கதவில் கீல் உட்காரப் பள்ளமும் வெட்டினார். எங்கே நின்று அளந்தார் என்று நான் கேட்கவில்லை. கூடத்துக்கு உள்ளே நின்று அளந்திருக்கிறார் மகராஜன். உள்ளே நின்றால் இடது, வெளியே நின்றால் வலது. வண்டியிலிருந்து இறக்கி நிலையில் வைத்தால் நிலையில் கீல் ஒரு பக்கம், கதவில் பள்ளம் மறுபக்கம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இன்னொரு பக்கம் பள்ளம் வெட்டினால் இறக்கை போய்விடும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார் உன் அப்பா. "ஆனைக்குச் சறுக்கட்டும் மாமா, கதவு என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள் தலைவி. சரி, உயரமாவது பொருந்துகிறதா பார்ப்போமே என்று அசடு வழியக் கதவைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். பள்ளம் கீலுக்கு நேரே வந்து பொருந்திவிட்டது. கச்சிதமாக.

வெளியே கூடியிருந்தவர்கள் கிட்டே நெருங்கி வந்தார்கள். யாரோ ஒருத்தி, "அட, வௌவால்" என்றாள். நானும் பார்த்தேன். காலடியில் இருந்த கிளை தலைக்கு மேல். இறக்கையைப் போர்த்திக்கொண்டு தொங்குகிறது. கொம்பு காதாகிவிட்டது. "ஆந்தைக்கு எங்க வாசல் எல்லாத்துலயும் இடம் உண்டு. இவளைத்தான் யாரும் செதுக்கினதில்ல. இந்தக் காட்டுல பாதி மரம் இவ துப்பின விதை" என்று தலைவி கதவைத் தடவினாள். வாயை மூடிக்கொண்டு பேர் வாங்கியிருக்கலாம். முடியவில்லை சில்லு. இது ஆந்தைதான், தப்பாக மாட்டியிருக்கிறோம், அடுப்பில் வைப்பதானால் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டி உளிக்காரி, நாங்க என்ன ஆந்தையைப் பாக்காதவங்களா? மாமா கதவைத் தலைகீழா மாட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ வாயத் திறக்கறியா இல்லையான்னுதான் பாத்தேன்." பிறகு இடுப்பில் கைவைத்து அவள் சிரித்த சிரிப்பில் எல்லோரும் விழுந்தோம், உன் அப்பா உட்பட. அதற்குள் வாண்டுகள் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால் இடுக்கு வழியாகப் பார்த்து ஆந்தை ஆந்தை என்று கத்துகின்றன. தலைவியும் பூட்ஸோடு குனிந்தாள். நானும் குனிந்தேன். நிமிரத்தான் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

கதவு அப்படியே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. இந்தக் கடிதத்தோடு போட்டோ வைத்திருக்கிறேன். முதலில் ஆந்தையாகப் பார், வயிற்றில் எலி, இரை. பிறகு திருப்பு. அதே எலி இப்போது அம்மா வயிற்றைக் கவ்விக்கொண்டு கூடவே பறக்கும் குட்டி. ஓர் உளிக்கீறல்கூட மாற்றவில்லை. எனக்கு அங்கே மட்டும் சிரிப்பு நின்று உன் ஞாபகம் வந்தது. அதைப் பெரிதாக எழுதமாட்டேன், நீ போன் செய்து அழுவாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்காதே. நிமிர்ந்து பார்த்தும் பிடிபடாததைக் குனிந்து பார்க்கிற துணிச்சல் உனக்கு எப்போதும் இருக்கட்டும், நன்றாக இரு, நூறு காடு பார். இந்தக் கடிதத்தை மட்டும் ஜன்னலில் செருகிவிடாதே. ஆங், மறந்தேவிட்டேன், கூடத்துக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறதாம். கிளம்பும்போது தலைவி வண்டிவரை ஓடி வந்து சொன்னாள், அதற்கும் கதவு நான்தான் செய்ய வேண்டுமாம், ஆனால் ஒரு நிபந்தனை, அளவை மாமாதான் எடுக்க வேண்டுமாம்.

கரண்டி செதுக்காத
உன் அம்மா, உளிக்காரி