அறைக்குள் கூடவே வந்தவளுக்கு

இன்று காலை கூலருக்குப் புதுப் புல்தட்டி மாட்டிவிட்டுப் போனார் கடைக்காரர். தண்ணீர் பட்டதும் அந்த ஈரப்புல் வாசனை எழுந்தது. மற்றவர்களுக்கு அது தில்லிக் கோடையின் வாசனை; எனக்கு நம் டைரக்டர் அறையின் வாசனை. நீ போய்ச் சேர்ந்த பிறகும் இதை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

தொண்ணூறுகளில் சென்னை அலுவலகத்திலிருந்து நான் மாற்றலாகி வந்த புதிது. பிரிவில் என்னோடு தமிழ் பேச நீ ஒருத்திதான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் டைரக்டர், அடுத்த மாதமே எல்லா மேஜைக்கும் கம்ப்யூட்டர் வந்துவிடும் என்றார். வயரிங்கே முடியவில்லை, இன்னும் மூன்று மாதமாவது ஆகும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சென்னையில் அப்படித்தான் பழக்கம். அவர் சிரித்தார். "வெரி குட், மேடம்" என்றார். பாராட்டு என்றே நம்பினேன்.

வராந்தாவில் நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"நீ சொன்னது சரி. சொன்ன எடம்தான் தப்பு. இங்க எதுவானாலும் முன்னாடியே அவரு ரூம்ல போய்ப் பேசிரணும். கூட்டத்துல தலையாட்டுதது மட்டுந்தான்."

மறுநாளிலிருந்து என் மேஜைக்கு வேலை வருவது நின்றது. மதியச் சாப்பாட்டில் என் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன, உன்னுடையதைத் தவிர. கௌஹாத்திக்கு மாற்றல் என்று யாரோ கிசுகிசுத்தார்கள். பதவி உயர்வோ டைரக்டர் எழுதும் ரகசிய அறிக்கையைப் பொறுத்திருந்தது. மகளை அப்போதுதான் ஜனக்புரி தமிழ்ப் பள்ளியில் சேர்த்திருந்தோம்.

அதற்குள் அமைச்சகத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. எல்லாம் தயார் என்று டைரக்டர் சொல்லப்போகிறார். வயரிங் பாதியில் நிற்கிறது.

"வாரவர் முன்னால இவரு மாட்டிக்கிடப் போறாரு. இப்பவே அவரு ரூம்ல போய்ச் சொல்லு," என்றாய்.

"முடியாதுடி. கால் நடுங்கறது."

"நடுங்கட்டும். நானும் வாரேன்."

உனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பதவி உயர்வுப் பட்டியலில் உன் பெயரும் இருந்தது. ஆனாலும் வந்தாய். நான் வாய் திறந்ததுமே அவர் கத்தினார்: "ஃபிர் ஆப்?" மறுபடியும் நீங்களா என்ற அந்தக் கேள்வியில் நான் ஓரடி பின்வாங்கினேன். நீதான் நிதானமாக இந்தியில் சொன்னாய்: "சார், வயரிங் பாதியில நிக்கிறது அமைச்சகத்துல யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட மட்டும் சொல்லத்தான் வந்தோம்."

அவர் எழுந்துபோய், ஈரப்புல் வாசனையடித்த கூலரின் வேகத்தைக் குறைத்தார். பிறகு அவர், "பைட்டியே," என்று நாற்காலியைக் காட்டினார்.

வந்த அதிகாரியிடம் மூன்று மாத அவகாசம் கேட்டார், தானே கண்டுபிடித்ததுபோல. எனக்கு எரிச்சலாக இருந்தது. நீ சிரித்தாய். அடுத்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு வந்தது. உனக்கு அதற்கும் இரண்டு ஆண்டு கழித்துத்தான். ஒருநாளும் அதைப் பற்றி நீ பேசியதில்லை.

உனக்குப் பயமே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். துக்கம் விசாரிக்க நான் வந்தபோது உன் வீட்டுக்காரர் சொன்னார்: டைரக்டர் அறைக்குப் போன அன்று வீட்டுக்கு வந்ததும் உனக்குக் குளிர்ஜுரமாம். போர்வைக்குள்ளிருந்தே, "கௌஹாத்தில நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்குமா?" என்று கேட்டாயாம்.

இப்போதும் அலுவலகத்தில் யாராவது வெளுத்த முகத்தோடு மேலதிகாரி அறைக்குக் கிளம்பினால், நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். பயம் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.