ஆரணியின் முதற் பாம்பு

ஆரணியின் அப்பாவுக்கு,

எங்கள் குடும்ப வரலாற்றை மாற்றும் முடிவொன்று சென்ற சனிக்கிழமை எடுக்கப்பட்டது: ஆரணி பாம்பு வளர்க்கப் போகிறாள். புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சோளப் பாம்புதான் நல்லது என்றார் கடைக்காரர். சாதுவானது, வாரம் ஒரு எலிக்குஞ்சு போதும், மூடியைச் சரியாகப் பூட்டினால் வீட்டை விட்டுப் போகாது. கல்யாணத்தின்போது எனக்கு எவரும் இவ்வளவு விளக்கம் தரவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் அக்கா பாம்புத் தொட்டிக்கு முன்னால் பாலும் முட்டையும் வைத்துக் கும்பிட்டார்.

"நாகதம்பிரானே, அந்த யூனியன்வில்காரியிட்டை இருந்து என்ர தம்பியை மீட்டுத் தா!"

"மாமி, உது கனடாப் பாம்பு. தமிழ் விளங்காது," என்றாள் மகள்.

பாம்பு பாலைத் தொடவில்லை. நான் தேநீருக்கு எடுத்துக்கொண்டேன்.

தொட்டியை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். அங்கே நின்ற எங்கள் கட்டிலை வோபர்னில் புதிதாகக் கல்யாணம் கட்டிய ஒரு சோடிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆரணியின் அம்மா