டாக்டரிடம் சொன்ன பொய்

கண்ணம்மா,

குழந்தை பிறந்ததிலிருந்து நீ ஓயாமல் கை கழுவுகிறாய். குழாய்ச் சத்தத்தில் முத்தியால்பேட்டைத் தெருவே தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருக்கிறது. "புள்ளையத் தொடவே பயமா இருக்கு. நான் நல்ல அம்மா இல்லப்பா" என்று நேற்று அழுதாய்.

உனக்காக மனநல டாக்டரிடம் போனேன். "செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற இந்த நோய் குடும்பத்துல வரலாம் சார். ஆம்பளைங்க சில பேருக்குச் சின்ன வயசுலயே ஆரம்பிக்கும். பொம்பளைங்க சில பேருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் வரும். உங்க வீட்ல யாருக்காவது இருக்கா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

பத்து வயதிலிருந்து நான் பூட்டை ஏழு முறை இழுத்துப் பார்க்கிறேன். உன் அம்மாவிடம்கூட அதை ஜாக்கிரதை என்றே சொல்லிவந்தேன்.

இன்று திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். நாளை நம் இருவருக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். உன் மேல் தப்பே இல்லையம்மா. நீ என் மகள், அவ்வளவுதான்.

அப்பா