கம்ப்யூட்டரில் ஊற்றிய தீர்த்தம்

கொரட்டூர்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் ரிச்சர்டுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. கனடாவில் நீங்கள் மூவரும் நலமா, இல்லை இருவர்தான் நலமா என்று அறிய ஆவல்.

நீ அனுப்பிய கட்டுரையை எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தேன். சுடுகிற கேம் விளையாடும் பிள்ளைகள் வளர்ந்தபின் முரடாகிவிடுவார்களாம், இரக்கம் போய்விடுமாம். ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று கடைசியில் அவர்களே எழுதியிருக்கிறார்கள், ஐயா நீங்கள்தான் அதுவரை படிக்கவில்லை போலிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே ஆராய்ச்சி நீதான். எட்டாம் வகுப்பிலிருந்து தினம் இருநூறு பேரைச் சுட்டுவிட்டுத்தான் சாப்பிடவே வருவாய். நானும் எப்போது கொலைகாரன் ஆவாய் என்று காத்திருந்தேன். நீயோ கரப்பான்பூச்சியைப் பார்த்துக் கட்டில்மேல் ஏறி நின்றாய். ஏரிக்கரையில் நாய் அடிபட்டதற்கு மூன்று நாள் உனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய முரடன்தான் போ.

அப்படிப்பட்டவன் போன வாரம், அதே மாதிரி கேம் விளையாடினாள் என்று ஒன்பது வயது மகளை அறைந்திருக்கிறாய். பிள்ளைக்கு முரட்டுத்தனம் வந்துவிடக் கூடாதே என்று அறைந்தாயாம், என்ன அருமையான வைத்தியம்! அப்பா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது பாட்டி என்று ஜெபிஷா போனில் சொன்னாள். அந்தக் கை எந்த கேமிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது கம்ப்யூட்டர் புகைந்து செத்ததே, விடாமல் விளையாடி எரித்துவிட்டாய் என்று அப்பா பெல்ட்டால் அடித்தாரே, அதை எரித்தது நான். உன்னைப் பிடித்த பிசாசு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நம்பி, வேளாங்கண்ணி தீர்த்தம் ஒரு பாட்டில் முழுவதையும் அதன் ஓட்டை வழியாக ஊற்றினேன். பிசாசு போனதோ என்னவோ, வீட்டில் கரண்டு போனது. நான் இல்லப்பா, நான் இல்லப்பா என்று நீ அலறினாய். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்குப் பயம்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட வந்தபோது, புள்ளைக்கு எழுதறப்ப, நானும் மன்னிப்பு கேட்டுக்கினேன்னு எழுது என்றார்.

பிள்ளையிடம் கேமைக் குறைக்கச் சொல், வேண்டாம் என்று சொல்லவில்லை. கை ஓங்காமல் சொல். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இருபது வருஷம் ஆகிவிட்டது ராசா. நீ ஜெபிஷாவிடம் இன்றைக்கே கேட்டுவிடு.

மூவர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

தீர்த்தம் ஊற்றிய உன் அம்மா,
லூர்தம்மாள்